பொன் ஜாடிக்குள் போன ரேடியோ

எங்கள் உறவுக்காரர்கள் எந்தக் கல்யாணத்தில் கூடினாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், "செல்வி முந்நூறு ஜாடியைக் கெடுத்த கதை" ஒருமுறை சொல்லப்படும். முதலில் ஒரு திருத்தம். முந்நூறு அல்ல, இருநூற்றுப் பதினெட்டு. நான் எண்ணியிருக்கிறேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, மூக்கைச் சிந்திக்கொண்டே எண்ணியிருக்கிறேன்.

இரண்டாவது திருத்தம். "அவ ரேடியோ வேலை செய்யல" என்பார்கள். பொய். ரேடியோ கடைசி நிமிடம்வரை ஒழுங்காக வேலை செய்தது. வேலை செய்யாதது என் மூளைதான். (இதை எந்தக் கல்யாணத்திலும் ஒப்புக்கொண்டதில்லை. இங்கே எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டில் யாரும் கட்டுரை படிக்க மாட்டார்கள் என்கிற தைரியம்தான்.)

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அப்பாவுக்கு ஒரு யூனிட் இருக்கிறது. ஊறுகாய் ஜாடி செய்வோம். கல்யாணத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுப்பதற்குத் தங்கக் கரை வைத்த டீ கப்பும் செய்வோம். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் சரியான சொல். வேலை என்று பெரிதாக எதுவும் தரவில்லை. ஒருநாள் எழுந்து ஊருக்கு வந்துவிட்டேன். இனி நம் யூனிட்டைத்தான் பார்த்துக்கொள்வேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் சொன்னார்கள். "நாலு வருஷம் படிச்சிட்டு மண்ணு பெசைய வந்துட்டுது பாரு" என்று எங்கள் அத்தை தெருவில் நின்று சொன்னது எனக்கே கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் அந்த அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

இதற்கிடையே சென்னைக் கம்பெனி, "யோசித்துப் பாருங்கள், அடுத்த மாதம் முதல் திங்கள்வரை உங்கள் இடம் காலியாகவே இருக்கும்" என்று கடிதம் அனுப்பியது. அதை அப்பா படித்துவிட்டார். அவர் முகத்தில் நிம்மதி வந்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டது.

"அப்பா, எனக்குச் சூளைய குடு. நான் பாத்துக்கறேன்."

"சூளைய பாத்துக்கத்தான் அந்தோணி இருக்கானேம்மா."

அந்தோணி அண்ணன் எங்கள் யூனிட்டில் சூளை எரிப்பவர். இருபது வருட அனுபவம். எங்களுடையது கேஸ் சூளை. காலையில் பற்றவைத்தால் சூடு மெல்ல ஏறி, பிற்பகலில் ஆயிரத்து இருநூற்று இருபது டிகிரியைத் தொடும். அங்கேதான் ஜாடிமேல் பூசிய பளபளப்பு உருகிப் படியும். தொட்டதும் கேஸைக் குறைக்க வேண்டும். அதற்குமேல் விட்டால் ஜாடியே இளகிவிடும். அதனால் அண்ணன் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை சூளையடிக்குப் போய், மீட்டரைப் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டு, சட்டையைப் பிழிந்துகொண்டு திரும்பி வருவார். மே மாதத்தில் அந்த இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது என்ன வேலை என்று தெரியும்.

என் யோசனை இதுதான். சூளையடியில் ஒரு ரேடியோ, ஆபீஸில் ஒரு ரேடியோ. பத்து விநாடிக்கு ஒருமுறை சூளையின் சூடு ஆபீஸ் திரையில் தானாக வந்து நிற்கும். யாரும் வேக வேண்டாம்.

"ஒரு வயர இழுத்துட்டா போவாதா?" என்று அப்பா கேட்டார்.

"வயரெல்லாம் அந்தக் காலம்பா."

(வயர் இழுத்திருந்தால் காலை பத்து மணிக்குள் வேலை முடிந்திருக்கும். ஆனால் வயர் இழுக்கவா நான் நாலு வருடம் படித்தேன்?)

என்னிடம் இருந்தது சாதாரண ரேடியோ அல்ல. மென்பொருளால் இயங்கும் ரேடியோ. அலைவரிசை, வேகம், பலம் எதற்கும் அதில் திருகு கிடையாது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். என்னோடு படித்த மங்கலம்பேட்டை ஷபானாவின் அண்ணன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது, பேரீச்சம்பழத்துக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவில் வைத்து இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். லைசென்ஸ் தேவையில்லாத அலைவரிசையில் ஓட்டினேன். ஒரு முனையில் சூட்டின் எண்ணைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்ப வேண்டும். பொட்டலத்தின் தலையில் ஓர் அடையாளம் இருக்கும், வாலில் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். மறுமுனை அந்த வாலைப் பார்த்து, கணக்கு ஒத்துவந்தால் ஏற்கும், இல்லாவிட்டால் குப்பையில் போடும். இந்த ஒரு வேலைக்கு நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன்.

அப்பா கடைசியில் இறங்கிவந்தார். அவர் பேச்சு எப்போதும் கறாராக இருக்கும்.

"சனிக்கெழம ஒரு லோடு எரிக்கறோம். பத்த வச்சதுல இருந்து அணைக்கற வரைக்கும் உன் ரேடியோ நிக்காம சொல்லணும். சொல்லிட்டா சூளை ரூம் சாவி உன்னிது. நடுவுல நின்னுட்டா, ஞாயித்துக்கெழம ராத்திரி ரயில்ல ஏறி, திங்கக்கெழம சென்னையில வேலைக்குப் போயிடணும். சரியா?"

"சரி" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. எனக்கு அந்தச் சாவி வேண்டும். அதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறெதுவுமே வேண்டியிருக்கவில்லை.

மேஜைமேல் வைத்துச் சோதித்தபோது பொட்டலங்கள் மழையாகக் கொட்டின. சூளையடியில் வைத்தபோதும் வந்தன. ஒரே ஒரு பிரச்சினை. நான் வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டி சூட்டில் முறுக்கிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. நம்மிடம்தான் ஜாடி இருக்கிறதே! பீங்கான் சூட்டைத் தடுக்கும், ரேடியோ அலையைத் தடுக்காது. ஒரு வெள்ளை ஜாடியை எடுத்து, அடியில் கம்பி போக ஒரு துளை போட்டு, ரேடியோவையும் பேட்டரியையும் உள்ளே இறக்கி மூடினேன். ஆபீஸில் போய்ப் பார்த்தால் பொட்டலம் ஒன்றுகூடத் தவறாமல் வந்திருந்தது. ஒரு சுற்று நடனம் ஆடினேன். அதோடு விட்டிருக்கலாம்.

ஆனால் சனிக்கிழமை பேட்டையில் உள்ள மற்ற யூனிட்காரர்களையும் பார்க்க வரச் சொல்லியிருந்தேன். (அப்பா சொல்லவில்லை. நானே போய் யூனிட் யூனிட்டாக அழைத்தேன். கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல.) அவர்கள் முன்னால் வெறும் ஊறுகாய் ஜாடியா? அம்மாதான் ஆபீஸைப் பார்த்துக்கொள்வார். கப்புகளுக்குத் தங்கக் கரை போடும் பொன் திரவம் சின்னப் பாட்டிலில் அவர் பீரோவில் இருக்கும். வீட்டில் உள்ள நகையைவிட அதற்குக் காவல் அதிகம்.

"நல்ல காரியம்தான்மா. கொஞ்சமா குடு" என்றேன்.

அம்மா மனம் இளகிக் கொடுத்தார். நான் ஜாடியின் வாயில் தொடங்கி அடிவரை, மூடியையும் விடாமல், இரண்டு கை பூசினேன். சின்ன மின்சூளையில் இன்னொரு முறை சுட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியே எடுத்தபோது, கோபுரத்துக் கலசத்தைக் கீழே இறக்கி வைத்ததுபோல் மின்னியது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பொன் பூசிய பிறகு சோதித்துப் பார்த்தேனா? இல்லை. அதே ஜாடிதானே.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினோம். சூளை மீட்டருக்குச் சூட்டைச் சொல்லும் கம்பியைக் கழற்றி என் ரேடியோவில் மாட்டினேன். அந்தோணி அண்ணனிடமிருந்து நோட்டை வாங்கி ஆபீஸ் டிராயரில் வைத்துப் பூட்டினேன். "இன்னிக்கி உங்களுக்கு ரெஸ்டுண்ணே" என்றேன். அவர் வேலை பறிபோனவர்போல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "சூடு பட்டுடும், மூடி ஒரு நிமிஷம்கூடத் திறந்திருக்கக் கூடாது" என்று ஒரு சட்டமும் போட்டேன். பர்னர் பற்றியது. ஆபீஸுக்கு வந்து திரையைப் பார்த்தேன்.

ஒன்றுமில்லை.

ஓடினேன். மூடியைத் திறந்து பார்த்தேன். விளக்கு எரிகிறது, எல்லாம் சரி. போன் அடித்தது. ஆபீஸிலிருந்து அம்மா. "வருதுடி! வருதுடி!" நிம்மதியாக மூடியை மூடிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தேன். திரை காலி.

"இப்பத்தான்டி வந்துது. நீ வந்ததும் நின்னுப்போச்சி."

மறுபடி ஓடினேன். திறந்தேன். "வருதுடி!" மூடினேன். வந்தேன். காலி. இப்படி ஏழு தடவை. ஏழாவது தடவை அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீ அங்க இருந்தா வருது, இங்க வந்தா நிக்குது. அதுக்கு உன் மொகத்தப் பாத்துக்கினே இருக்கணும்போல" என்றார். சின்ன வயதில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த கதையை ஆரம்பித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அப்பா வந்து நின்றார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நேத்து வரைக்கும் வந்துது இல்ல? எத மாத்துன?"

"எதையும் மாத்தலப்பா."

பளிச்சென்று சொன்னேன். கண்ணெதிரே தகதகவென்று ஒரு ஜாடி மின்னிக்கொண்டிருக்கிறது. எதையும் மாற்றவில்லையாம்.

பதினொரு மணிக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் பக்கத்து யூனிட் தனபால் மாமா. அவர் ஃப்யூஸ் கட்டை செய்பவர், உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பார்த்துச் சிரிக்கப் பிறந்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். "எங்க, காட்டு பாப்போம்" என்றார்.

இப்போது நான் என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். வந்தவர்கள் எல்லாருடைய செல்போனையும் அணைக்கச் சொன்னேன். பிறகு ஃபேனை நிறுத்தினேன். பிறகு களிமண் அரைக்கிற மோட்டாரை நிறுத்தினேன். தனபால் மாமாவின் யூனிட்டுக்கு ஆள் அனுப்பி அவர் மோட்டாரையும் நிறுத்தினேன். அதற்கும் பொட்டலம் வரவில்லை என்றதும், "ஜங்ஷன்ல எலக்ட்ரிக் எஞ்சின் போவுது இல்ல, அதோட எரைச்சல்தான்" என்றேன்.

"அப்ப ரயில நிப்பாட்டச் சொல்லிப் போன் போடட்டா?" என்றார் மாமா. "போன்தான் அணைச்சிட்டியே."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. யாரோ ஒருவர், கண்ணு பட்டிருக்கும், பூசணிக்காய் உடைக்கலாம் என்றார். "இது சயின்ஸுங்க" என்று சீறினேன். ரயிலைக் குறை சொன்ன வாய் அது.

அடுத்து மென்பொருளுக்குள் இறங்கினேன். ஆபீஸ் ரேடியோவின் காதைக் கூர்மையாக்கினேன். வரவில்லை. அலைவரிசையைக் கொஞ்சம் அப்படியும் இப்படியும் நகர்த்தினேன். வரவில்லை. கடைசியில், வாலில் உள்ள சரிபார்ப்புதான் நல்ல பொட்டலத்தையும் தள்ளிவிடுகிறதோ என்று சந்தேகப்பட்டு, அதை எடுத்துவிட்டேன். இதைப் படிக்கும் பொறியாளர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்ளலாம். சரிபார்ப்பை எடுத்தால், காற்றில் உள்ள வெறும் இரைச்சலைக்கூட ரேடியோ பொட்டலம் என்று நம்பும். திரை திடீரென்று நிரம்பியது. மைனஸ் இருநூற்றுப் பன்னிரண்டு டிகிரி. ஐம்பத்தெட்டாயிரம் டிகிரி. மைனஸ் மூவாயிரம்.

தனபால் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து படித்தார். "என்னா செல்வி, சூளைக்குள்ள ஐஸ் புடிச்சிருக்குது?"

அப்பா சிரிக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்தபோது ஞாயிறு இரவு ரயில் பிளாட்பாரத்தில் வந்து நின்றுவிட்டதுபோல் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வெளியே வரும்.

சரிபார்ப்பைத் திரும்பப் போட்டேன். ஆபீஸ் ரேடியோவின் ஆன்டெனாவை நீளக் கேபிளில் கோத்து, முற்றத்தில் குவித்திருந்த களிமண் குவியலின் உச்சிக்குக் கொண்டுபோனேன். அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும். சும்மா நின்ற ஒரே ஆள் அந்தோணி அண்ணன்தான்.

"அண்ணே, இதத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிக்கினு அசையாம நில்லுங்க."

நின்றார். பகல் ஒரு மணி வெயில். களிமண் குவியலுக்கு மேல், இரண்டு கையையும் தூக்கி, சரணடைந்தவர்போல் நின்றார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"பாப்பா, சூளை சத்தம் மாறுது. நான் போயி ஒரு பார்வ பாத்துட்டு வந்துர்றேன்."

"அசையாதீங்கண்ணே! இப்பதான் சிக்னல் கிட்ட வருது!"

சிக்னல் எங்கும் கிட்ட வரவில்லை. அது என் ஆசை.

"பாப்பா, சூளை ஓட்டை வழியா உள்ள வெள்ளையா தெரியுது. இங்கேர்ந்தே தெரியுது."

"ரெண்டே நிமிஷம்ணே!"

அவர் இருபது வருட அனுபவத்தையும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். இன்றும் இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வராது. மற்றதற்கெல்லாம் சிரிப்பேன், இதற்கு மட்டும் வராது.

இதற்குள் அம்மா ஆபீஸில் இல்லை. யாருக்கும் தெரியாமல் சூளையடிக்குப் போயிருக்கிறார். கையில் பழமலைநாதர் கோயில் விபூதி. என் சட்டத்தை மீறி மூடியைத் திறந்து, ரேடியோவின் தலையில் ஒரு சிட்டிகை போட்டு, கண்ணை மூடி வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறார். மூடி திறந்தே இருக்கிறது. எங்களுக்கு இது எதுவும் தெரியாது.

திரையில் டிங் என்றது. ஒரு பொட்டலம். 1264.

"வந்துடுச்சி!" என்று துள்ளினேன்.

"இதுவும் அந்த ஐஸு மாதிரிதானா?" என்றார் மாமா.

"இல்ல மாமா! இப்ப சரிபார்ப்பு போட்டிருக்கேன். வாலு ஒத்துப்போவுது. இது நெஜம்! நூத்துக்கு நூறு நெஜம்!"

எல்லாரும் கைதட்டினார்கள். மாமாகூடத் தட்டினார். நான் குனிந்து வணக்கம் சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன். டிங், இன்னொன்று. 1264. கைதட்டல் அடங்கும்போது அப்பா மெதுவாகக் கேட்டார்.

"நெஜம்னா... ஆயிரத்து இருநூத்து அறுபத்து நாலா?"

அன்று அப்பா ஓடியதுபோல் அவர் என்றும் ஓடியதில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓட, பின்னால் நான் ஓட, களிமண் குவியலிலிருந்து ஆன்டெனாவோடு அந்தோணி அண்ணன் சறுக்கி இறங்கி எங்களையும் முந்திக்கொண்டு போய் கேஸை அணைத்தார். சூளைக்குப் பக்கத்தில் அம்மா கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். திறந்து பார்த்து, "வந்துதா?" என்றார்.

வந்தது. அத்தனை பேர் பார்த்த ஒரே உண்மையான செய்தி அது. அத்தனை பேரும் அது வந்துவிட்டது என்று கைதட்டினோமே தவிர, என்ன சொல்கிறது என்று படிக்கவில்லை.

சூளை ஆறி, கதவைத் திறந்தது ஞாயிறு காலை. ஜாடி ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. உடைந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லாம் சாய்ந்திருந்தன. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், ஒன்று இடுப்பில் கை வைத்தாற்போல். பளபளப்பு வழிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பதினெட்டையும் பெயர்த்து எடுத்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தோணி அண்ணனிடம் போய், "மன்னிச்சிடுங்கண்ணே, உங்கள வெயில்ல நிக்க வச்சிட்டேன்" என்றேன். "கை வலிதான் பாப்பா" என்று தோளை நீவிக்கொண்டார்.

அப்பா வீட்டுக்குப் போகும்போது, "துணியெல்லாம் எடுத்து வச்சிட்டியா?" என்று கேட்டார்.

நான் எடுத்து வைக்கவில்லை. ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று, ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டிய தங்கக் கரைக் கப்புகளை அட்டைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டுச் சீட்டு வைப்பது வழக்கம். அச்சடித்த சீட்டு. பத்துப் பெட்டிவரை பார்க்காமலே வைத்தேன். பதினோராவது சீட்டு தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தேன்.

"பொன் வேலைப்பாடு உள்ள கோப்பைகளை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்க வேண்டாம். பொன் பூச்சு மெல்லிய உலோகம். அது அலைகளை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும்."

எழுதியது யார்? நான். கல்லூரி இரண்டாம் வருட லீவில் அம்மாவுக்காக எழுதிக் கொடுத்தது. வைக்க வேண்டாம் என்றால் போதும் என்று அம்மா சொன்னதற்கு, "காரணம் சொல்லணும்மா, சனங்களுக்கு அறிவியல் தெரியணும்" என்று அந்தக் கடைசி இரண்டு வரியைச் சண்டை போட்டுச் சேர்த்திருந்தேன். சனங்களுக்குத் தெரிந்துவிட்டது. எழுதியவளுக்குத்தான் தெரியவில்லை.

சீட்டைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு ஓடி, அப்பாவைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தேன். ஜாடியை மேஜைமேல் வைத்தேன். மூடினேன், நின்றது. திறந்தேன், வந்தது. அப்பா கை கழுவாமலே என்னைத் தள்ளிவிட்டு அவரே மூடிப் பார்த்தார். திறந்தார். மூடினார். பத்துத் தடவையாவது செய்திருப்பார்.

"அப்ப உன் ரேடியோ மேல தப்பு இல்ல" என்றார்.

"இல்ல. ஜாடி மேலயும் தப்பு இல்ல. எல்லாம் என் பவுசுதான்."

"பந்தயம் பந்தயம்தாம்மா. நின்னுப்போச்சி இல்ல?"

"நின்னுப்போச்சி. தோத்துட்டேன். ஆனா போவ மாட்டேன்."

"என்னாது?"

"போவ மாட்டேம்பா. நான் தோத்த எடத்துலதான் எனக்கு வேலை இருக்குது. அங்க போயி உக்காந்தா தோக்கறதுக்குக்கூட ஒண்ணும் இல்ல. புதங்கெழம லோடு நான் எரிக்கறேன். வெள்ளை ஜாடியில. அந்தோணி அண்ணன் நோட்டு அவர் கையிலயே இருக்கட்டும், மீட்டரும் ஓடட்டும், நானும் கூடவே நிக்கறேன். அதுலயும் நின்னுட்டா நீ சொல்ல வேணாம், நானே போறேன்."

அவர் பதில் சொல்லும் முன்பே, அவர் எதிரிலேயே கம்பெனிக்கு, வரவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். அப்பா செவ்வாய்க்கிழமைதான், சரி, எரி என்றார். புதன்கிழமை பற்றவைத்ததிலிருந்து அணைத்ததுவரை பொட்டலம் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. சாயங்காலம் அப்பா சூளை ரூம் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இன்றுவரை அது என் இடுப்பில்தான் தொங்குகிறது. அத்தைக்குத் தெரியும்படி, முந்தானைக்கு வெளியேதான் தொங்கும்.

அம்மா மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "விபூதி போட்டதும் வந்துதா இல்லையா?" என்பார். நான் மூடியை மூடிக் காட்டி, விபூதி உள்ளேதான் இருக்கிறது, இப்போது ஏன் வரவில்லை என்று கேட்டேன். "மூடிட்டா சாமிக்கு மூச்சு முட்டாதா?" என்றார். இதற்குப் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

அந்தக் கோணல் ஜாடிகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று போனது. சிலது ஆபீஸில் குடை வைக்க நின்றது. போன வருடம் புதுச்சேரியில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா கப்பு வாங்க வந்தார். கப்பைப் பார்க்கவே இல்லை. குடை ஜாடியைச் சுற்றிச் சுற்றி வந்து, கைவேலை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், எனக்கு இதேபோல் நூறு வேண்டும் என்றார். மீதி இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டோம். இன்னும் நூறு என்றார். அன்று எப்படி ஏறியது, எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கலாமென்றால், அந்த ஒரு நாளுக்கு மட்டும் எங்களிடம் கணக்கே இல்லை. அதற்குப் பிறகு நான்கு தடவை வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தேன். ஒன்று ஜாடி சிப்பாய்போல் நிமிர்ந்து நிற்கிறது, இல்லாவிட்டால் தோசையாகப் படுத்துவிடுகிறது.

அந்த அம்மா அப்பாவுக்குப் போன் செய்து, எப்போது கிடைக்கும் என்று கேட்டார். அப்பா சொன்ன பதிலை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "அது ஆர்டருக்கெல்லாம் வராதுங்க. எங்க பொண்ணுகிட்ட யாராவது 'உன்னால முடியாது'ன்னு சொல்லணும். அன்னிக்குத்தான் அந்த மாதிரி வரும்."

இப்போது ஒவ்வொரு மாதமும் புதுச்சேரியிலிருந்து எனக்குப் போன் வருகிறது. அந்த அம்மா வணக்கம்கூடச் சொல்வதில்லை. எடுத்ததும், "உங்களால முடியாதுங்க" என்கிறார். "ஏன் முடியாது?" என்று நானும் வரிந்துகட்டிக்கொண்டு போய் சூளையைப் பற்றவைக்கிறேன். மறுநாள் காலை கதவைத் திறந்தால், பாழாய்ப்போன ஜாடிகள் அத்தனையும் நேராகவே வந்து தொலைக்கின்றன.